இல்லாத மூன்று படகுகள்

நைட் டியூட்டி முடித்து, அடுத்த ஷிப்டுக்காரியிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு விஜிலா படியிறங்கிக்கொண்டிருந்தபோது அந்தக் குறுஞ்செய்தி வந்தது. ஓ.பி.சி. சான்றிதழ் கேட்டு அவள் போட்டிருந்த விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். காரணம் ஒரே வரியில் இருந்தது. தந்தை மூன்று விசைப்படகுகளின் உரிமையாளர், கணவர் வெளிநாட்டுக் கப்பலில் பொறியாளர், ஆகவே வளமான பிரிவினர்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டீக்கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடைக்கார அண்ணாச்சி கேட்காமலே டீயைக் கொண்டுவந்து வைத்தார். அது ஆறி ஆடை கட்டிய பிறகும் அவள் தொடவில்லை.

மத்திய அரசு ஆஸ்பத்திரிகளுக்கான நர்ஸ் தேர்வில் அவள் தேறியிருந்தாள். அடுத்த வியாழக்கிழமை மதுரையில் சான்றிதழ் சரிபார்ப்பு. பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு முப்பது. விஜிலாவுக்கு முப்பத்திரண்டு முடிந்திருந்தது. பிற்படுத்தப்பட்டவர்களுக்குத் தரும் மூன்று வருஷச் சலுகை இருந்தால்தான் அவளை வாசலுக்குள்ளேயே விடுவார்கள். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, டியூட்டிக்கு நடுவில் கிடைத்த நேரத்திலெல்லாம் படித்து வாங்கிய மார்க், அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் ஒன்றுக்கும் ஆகாது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. அடுத்த அறிவிப்பு வரும்போது சலுகை வயதும் தாண்டியிருக்கும்.

மாநில அரசு வேலையாக இருந்தால் இந்த வம்பே கிடையாது. பரதவர் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வாங்கிய எம்.பி.சி. சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது. அதற்கு வருமானத்தை யாரும் கேட்பதில்லை. மத்திய அரசுக்கு மட்டும், பிற்படுத்தப்பட்ட சாதியில் பிறந்தால் போதாது, வசதி வந்து மேலே போய்விட்ட குடும்பம் இல்லை என்றும் தாசில்தார் எழுதித் தர வேண்டும்.

மேலே போய்விட்ட குடும்பம். விஜிலாவுக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே கண்ணும் கலங்கியது. அவளுடைய அப்பா ரோச், புன்னைக்காயலில் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். மூன்று விசைப்படகு வேண்டாம், முழுசாக ஒரு வலை கூட அவர் பேரில் இருந்ததில்லை.

அந்த மூன்று படகுகளும் எங்கே கட்டப்பட்டவை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய மாமியார் அமலோற்பவத்தின் வாயில் கட்டப்பட்டவை.

அவள் கணவன் கிளைட்டன், கப்பலில் சேருவதற்கு முன் மெடிக்கல் செக்கப்புக்கு வந்த இடத்தில்தான் விஜிலாவைப் பார்த்தான். ரத்தம் எடுக்க அவள் ஊசியை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த வாட்டசாட்டமான ஆள், மறுநாள் எந்தப் பரிசோதனையும் இல்லாமலே வந்து நின்றான். பிறகு நடந்ததெல்லாம் வழக்கமாக நடப்பதுதான். அமலோற்பவம் ஒரு மாதம் மகனோடு பேசவில்லை. புருஷனும் கப்பல்காரர், மகனும் கப்பல் இஞ்சினியர், அந்த வீட்டுக்குக் கூலிக்காரர் மகளா என்பது அவள் கேள்வி. கடைசியில் சம்மதித்தாள். ஆனால் சொந்தக்காரர்களிடமும் தெருவிலும் சொல்லும்போது, பெண் வீட்டாருக்கு ஊரில் மூன்று போட்டு, அதாவது விசைப்படகு, ஓடுகிறது என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணத்தன்று இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்த ரோச்சை, தூத்துக்குடிச் சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார வைத்தார்கள். என்ன எஞ்சின் போட்டிருக்கிய, டீசல் மானியம் சரியா வருதா என்று கேட்டார்கள். ஆயுசெல்லாம் படகில் கிடந்த மனிதர், எல்லாவற்றுக்கும் பிசகில்லாமல் பதில் சொன்னார். வீட்டுக்குப் போனதும் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அன்று சாப்பிடாமலே படுத்தார் என்று அம்மா பிளாரன்ஸ் பிறகு சொன்னாள். அதற்கப்புறம் அவர் மகள் வீட்டுக்கு வந்தால் வாசல் கேட்டோடு சரி. மீன் பையை நீட்டுவார், பேத்தி ஜோவிட்டாவின் கன்னத்தைத் தொட்டு முத்திக்கொள்வார், பஸ் போயிரும் என்பார். உள்ளே வந்தால் யாராவது படகைப் பற்றிக் கேட்பார்களே.

விஜிலா வீட்டுக்குப் போகாமல், நேராகப் பஸ் ஏறி, விண்ணப்பம் போட்டிருந்த, சொந்த ஊர்ப் பக்கத்துத் தாலுகா ஆபீசுக்குப் போனாள்.

மண்டலத் துணை தாசில்தார் சங்கரலிங்கம் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். மேசையில் வெள்ள நிவாரணக் கோப்புகள் ஒரு பக்கம், பட்டா மாறுதல் ஒரு பக்கம். நடுவில் இருந்த சின்ன இடைவெளி வழியாக அவளைப் பார்த்தார்.

"ஒங்க வீட்டுக்காரர் கப்பல்ல இஞ்சினியர். சரியாம்மா?"

"ஆமா சார்."

"அப்புறம் எப்படிம்மா நான் எழுதித் தர முடியும்? இல்லாதவங்களுக்குப் போய்ச் சேரணும்னுதானே வருமான வரம்பே வச்சிருக்கு?"

"வீட்டுக்காரர் சம்பளத்தைப் பார்க்கக் கூடாது சார். அப்பா அம்மா நிலைமையைத்தான் பார்க்கணும். கல்யாணம் ஆன பொம்பளைக்கும் அதுதான் ரூல்."

"யார் சொன்னா?"

"விண்ணப்பம் போடுததுக்கு முன்னால படிச்சேன் சார். மத்திய அரசே போட்டிருக்கு."

"எந்தக் கடிதம், என்ன தேதி? கொண்டு வாங்க, பார்ப்போம்." அவர் குரலில் எரிச்சல் இல்லை. ஆனால் அவள் கொண்டுவருவாள் என்ற நம்பிக்கையும் இல்லை.

விஜிலா அன்று மத்தியானமே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடி எடுத்தாள். கேள்வி பதிலாகப் போட்டிருந்தார்கள். விண்ணப்பதாரரின் பெற்றோருடைய நிலையை வைத்தே முடிவு செய்ய வேண்டும், அவருடைய சொந்த வருமானமோ கணவன் அல்லது மனைவியின் வருமானமோ கணக்கில் வராது. அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டாள். கோடு கோணலாகப் போயிற்று. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடமே எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராதவள் அவள்.

மறுநாள் சங்கரலிங்கம் அந்தத் தாளை முழுசாக வாசித்தார். அவள் கோடு போட்ட வரியை மட்டும் பார்க்காமல், மேலேயும் கீழேயும் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சரிதாம்மா. பிறந்த வீட்டை வச்சுத்தான் பார்க்கச் சொல்றான். வீட்டுக்காரர் வருமானத்தைச் சேர்த்தது எங்க தப்பு. அதை எடுத்துரலாம்."

விஜிலாவுக்கு மூச்சு வந்தது.

"ஆனா அந்த மூணு விசைப்படகு?"

"எங்கப்பாவுக்குப் போட்டே கிடையாது சார். கூலிக்குப் போறாவ."

அவர் கோப்பைப் புரட்டி ஒரு பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். "நீங்க இப்போ குடியிருக்கிற இடத்துல வி.ஏ.ஓ. விசாரிச்சுக் குடுத்த அறிக்கை. தெருவுல ரெண்டு பேர் சொல்லிருக்காங்க. மூணாவது ஒங்க மாமியார். கையெழுத்தே போட்டிருக்காங்க பாருங்க."

அமலோற்பவத்தின் சாய்வான, அழகான கையெழுத்து. பழைய கான்வென்ட் படிப்பு.

"சொந்த மாமியார் ஏன்மா பொய் சொல்லப் போறாங்க?" என்றார் சங்கரலிங்கம்.

அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே ஏதோ தோன்றியிருக்க வேண்டும்.

"சனிக்கிழமை ஆர்.ஐ. அம்மாவை புன்னைக்காயலுக்கு அனுப்புறேன். நேர்ல பார்த்து எழுதட்டும். ஒங்க மாமியாரும் அங்க வந்து, நான் சொன்னது சரியில்லைன்னு எழுதிக் குடுத்துட்டா அன்னைக்கே முடிஞ்சிரும். இல்லன்னா நான் மீன்வளத்துறைக்கு எழுதணும். அவங்க படகுப் பதிவெல்லாம் பார்த்துப் பதில் போடணும். ஒங்க வியாழக்கிழமைக்குள்ள அது நடக்காதும்மா."

வீட்டுக்கு வந்தபோது அமலோற்பவம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்ட வேண்டிய சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஜோவிட்டா தரையில் படம் வரைந்துகொண்டிருந்தது.

"மாமி, போன வாரம் ஒருத்தர் வந்து என்னைப் பத்தி விசாரிச்சாவளே, அவங்ககிட்ட என்ன சொன்னிய?"

"ஒங்கப்பா என்ன செய்யுதாருன்னு கேட்டான். எதிர்வீட்டு லூர்தம்மா கேட்டைப் பிடிச்சிக்கிட்டு நின்னு கேக்குதா. நான் என்னத்தச் சொல்ல? எப்பவும் சொல்லுததைத்தான் சொன்னேன்."

"அதனால சர்டிபிகேட் குடுக்க மாட்டோம்னுட்டாவ."

இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது. "போவட்டும் விடுளா. கப்பக்காரன் வீட்டுக்கு என்னத்துக்கு பேக்வார்ட் சர்டிபிகேட்டு? நாலு பேரு கேட்டா நல்லாவா இருக்கும்?"

"இது கப்பக்காரன் வீட்டுக்கு இல்ல மாமி. ரோச் மவளுக்கு."

இப்படி அவள் பேசியதே இல்லை. அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தாள். விஜிலா நிறுத்தவில்லை.

"எங்கப்பா கடலுக்குள்ள பார்ப் பாறையில மோதி காலொடிஞ்சு கெடந்தப்போகூட என் பீசுக்காக அடுத்தவன் வலையைத் தைச்சுக் குடுத்தாவ. அப்படிப் படிச்சுத்தான் நர்சு ஆனேன். இங்கன கல்யாணமாகி வந்ததால அதெல்லாம் நடக்காமப் போயிருமா? சனிக்கெழம நீங்க ஊருக்கு வந்து, சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும்."

"எழுதிக் குடுக்கவா? எம் மொவத்த எங்கன கொண்டு வைக்க? இத்தன வருசமா சொன்னதெல்லாம் பொய்யின்னு அரசாங்கத்துத் தாள்ல எழுதவா சொல்லுத?" அமலோற்பவம் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். சேலை பாதி மடிப்பில் கிடந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கிளைட்டன் அன்று சாயங்காலம் அழைத்தான். கப்பல் ஏதோ துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தது. பேச்சு விட்டுவிட்டு வந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு, "நான் அம்மாகிட்டப் பேசுதேன்" என்றான்.

"வேண்டாம். நீங்க சொல்லி அவங்க வந்தா, உங்களுக்காக வந்ததா இருக்கும்."

"அப்போ வராட்டி?"

"எங்கப்பா இருக்காவ. உள்ளதச் சொல்லுவாவ. அப்புறம் மாதா விட்ட வழி."

சனிக்கிழமை காலையில் அவள் கிளம்பும்போது அமலோற்பவம் பூசைக்குப் போயிருந்தாள், ஜோவிட்டாவையும் கூட்டிக்கொண்டு. சொல்லிக்கொண்டு போகக்கூட ஆள் இல்லை. விஜிலா சாவியை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

புன்னைக்காயலில் அவள் பெற்றோர் இருந்தது, சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று. இரண்டு அறை. சுவரில் உப்பு பூத்து வண்ணம் பொரிந்திருந்தது. பிளாரன்ஸ் வீட்டைக் கழுவி விட்டு, பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாள். ரோச் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, சுவரோரம் நின்றார். மகள் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

ஆர்.ஐ. என்ற வருவாய் ஆய்வாளர் ஜெயஷீலா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். விஜிலாவைவிடச் சின்னவள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி முழுசாகக் குடித்தாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்து, கோப்பைத் திறந்தாள்.

"ஐயா, உங்க பேரு ரோச். கடல் தொழில்தானே? சொந்தமா படகு இருக்கா?"

ரோச் தொண்டையைச் செருமினார். மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "இருக்கு" என்றார். "மூணு போட்டு."

விஜிலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிளாரன்ஸ் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஜெயஷீலா பேனாவை எடுத்தாள்.

அப்போதுதான் விஜிலாவுக்கு விளங்கியது. மகளுடைய புகுந்த வீட்டு விஷயமாக விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்றால் அங்கே சொன்னதைத்தான் இங்கேயும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மகளுக்குத் தலைகுனிவு என்று நினைத்திருக்கிறார். போனில் அவள் அவசரமாகச் சொன்னது எதுவும் அவர் காதில் சரியாக ஏறவில்லை.

"அப்பா." அவள் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தாள். "உள்ளதச் சொல்லுங்கப்பா. எனக்கு உள்ளதுதான் வேணும்."

"உள்ளதையா?"

"ஆமா."

"ஒங்க மாமி ஒண்ணும் நெனைக்க மாட்டாவளா?"

"நெனச்சா நெனச்சிட்டுப் போறாவ."

ரோச் அப்படியே சுவரில் சாய்ந்து, வழுக்கிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். நெடுந்தூரம் சுமந்துவந்த எதையோ இறக்கி வைத்தவர் போல ஒரு பெருமூச்சு விட்டார். அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

"எனக்கு ஒரு போட்டும் கெடையாது தாயீ. ஒண்ணுகூடக் கெடையாது. சின்னதுலேர்ந்து அடுத்தவன் வள்ளந்தான். டீசல் போவ, போட்டுக்காரன் பங்கு போவ, மிச்சத்த எல்லாரும் பிரிச்சிக்கிடுவோம். காத்து பெருசா அடிச்சா அதுவும் கெடையாது. தடைக் காலத்துல அரசாங்கம் குடுக்குததுதான். இப்போ இடுப்பு ஒத்துக்கிட மாட்டேங்கு. ஆனா போவத்தான் செய்யுதேன். போட்டுக்காரன் நான்னு எப்பிடிச் சொல்லுவேன்? கரையில வந்து எவன்கிட்ட வேணும்னாலும் கேளுங்க."

ஜெயஷீலா எழுதிக்கொண்டே போனாள். மீனவர் நலவாரிய அட்டையைப் பார்த்தாள். வீட்டு வாசலில் வைத்து அக்கம்பக்கத்தில் கேட்டாள். ஒரு பெண் சிரித்தே விட்டாள். "ரோச்சு அண்ணனுக்குப் போட்டா? நல்ல கதையா இருக்கே!"

உள்ளே வந்து உட்கார்ந்த ஜெயஷீலா பேனாவை மூடினாள். "எனக்குத் தெளிவா இருக்குக்கா. நான் உள்ளபடி எழுதுறேன். ஆனா ஏற்கெனவே கோப்புல உங்க மாமியார் கையெழுத்து இருக்கு. அதை அப்படியே விட்டுட்டு நான் மாத்தி எழுதினா, தாசில்தார் மேடம் கேள்வி கேப்பாங்க. சொந்தக்காரங்க ரெண்டு விதமா சொல்றாங்கன்னு மீன்துறைக்குத்தான் அனுப்புவாங்க."

"அவங்க வரல மேடம்" என்றாள் விஜிலா.

சொல்லி வாய் மூடவில்லை, தெருவில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. முதலில் ஜோவிட்டா குதித்து இறங்கி, "தாத்தா!" என்று ஓடிவந்தது. பின்னால், பூசைக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு, ஒரு கையில் குடையும் ஒரு கையில் கேக் பெட்டியுமாக அமலோற்பவம் இறங்கினாள். அவள் முகம் சிவந்திருந்தது. கோபமா வெயிலா என்று விஜிலாவுக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வந்த பிறகு, அவள் இந்த வீட்டு வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை.

"நீங்கதான் ஆர்.ஐ.யா? நான் அமலோற்பவம். கிளைட்டனோட அம்மா. எங்கன எழுதணும், குடுங்க."

ஜெயஷீலா ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். அமலோற்பவம் நின்றபடியே ஜன்னல் கட்டையில் வைத்து எழுதினாள். சம்பந்தி ரோச்சுக்குச் சொந்தப் படகு எதுவும் இல்லை, அவர் கூலிக்கு மீன்பிடிக்கச் செல்பவர், நான் முன்பு கூறியது உண்மையல்ல. கீழே அதே சாய்வான கையெழுத்து. தாளை ஆர்.ஐ. கையில் கொடுத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

யாரும் கேட்பதற்கு முன் அவளே பொரிந்து தள்ளினாள்.

"கோயில்ல இருந்து வரும்போது லூர்தம்மாகிட்ட மனசு கேக்காமச் சொன்னேன். ஏளா, இப்பிடி ஒரு இக்கட்டு, நான் சொன்னத மாத்திச் சொல்லணுமாம், மானம் போவுதுன்னு. அவ என்ன சொல்லுதா தெரியுமா? அது எங்களுக்கு அன்னைக்கே தெரியுமேங்கா! அவ மயினியோட அண்ணன் இந்த ஊராம். கல்யாண வீட்டுலயே தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. இத்தன வருசமா ஒருத்திகூட எங்கிட்ட மூச்சு விடல. நான் சொல்லும்போதெல்லாம் ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சிரிச்சிருக்காளுவ. வி.ஏ.ஓ.கிட்டயும் எனக்காகத்தான் அப்பிடிச் சொன்னாளாம், நான் வருத்தப்படக் கூடாதுன்னு!"

பிளாரன்ஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் அடுப்படிக்குள் ஓடினாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜெயஷீலா கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ரோச் மட்டும் சிரிக்காமல், மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"எனக்கும்தான் சம்பந்தி தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தக் கோட்ட அப்பவே கழத்திருப்பேன்."

அமலோற்பவம் அவரைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று விஜிலா நினைத்தாள். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "என்னைய மன்னிச்சிருங்கண்ணே" என்று இடையில் ஒரு தடவை சொன்னாள். சிரிப்புக்கு நடுவே சொன்னாலும் அது அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜெயஷீலா கேக் ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "இன்னைக்கே ஆன்லைன்ல ஏத்திருவேன்க்கா. திங்கக்கிழமை மேடம் கையெழுத்து போடுவாங்க" என்றாள். அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை விஜிலா வாசலில் நின்றாள். உள்ளே அடுப்படியில் அம்மாவும் மாமியாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அமலோற்பவத்தின் அப்பா திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போனவர் என்பது விஜிலாவுக்கு அன்றுதான் தெரிந்தது. மூச்சடக்கி முங்கி முங்கிக் கடைசிக் காலத்தில் காது சுத்தமாகக் கேட்காமல் போயிற்றாம். மகளுக்குக் கான்வென்ட் படிப்பு அந்தச் சங்கில் வந்ததுதானாம். ரோச்சுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எந்தக் கடலடிப் பாரில் குளித்தார்கள், கூட யார் யார் போனார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். சாயங்காலம் அமலோற்பவத்தையும் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு அவரே பஸ்ஸில் வந்து தூத்துக்குடி வீட்டில் விட்டார். கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, பெரிய நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். எதிர்வீட்டு லூர்தம்மா வந்து எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கடல் எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். "இந்த வாரம் மீன் பாடு ஒண்ணும் இல்ல தாயீ, பங்கு தேறல" என்றார் ரோச்.

திங்கட்கிழமை சான்றிதழ் வரவில்லை. சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். செவ்வாய்க்கிழமை விஜிலா வார்டில் நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. கையுறையோடு எடுக்க முடியாது. வேலையை முடித்து, கையைக் கழுவி, ஒதுங்கி நின்று பார்த்தாள். ஒப்புதல் அளிக்கப்பட்டது. இறக்கித் திறந்தாள். ரோச் என்பவரின் மகள் விஜிலா, வளமான பிரிவினரைச் சார்ந்தவர் அல்லர். அங்கேயே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதுரையில், சரிபார்ப்பு அறைக்கு வெளியே நீண்ட வரிசை. கையில் சான்றிதழும், கோணல் கோடு போட்ட அந்தத் தாளும் வைத்திருந்தாள். கணவர் என்ன செய்கிறார் என்று கட்டாயம் கேட்பார்கள், கேட்டால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சான்றிதழை வாங்கி, தேதியைப் பார்த்தாள். மத்திய அரசுப் படிவம்தானா என்று பார்த்தாள். மேலே பெயரைப் பார்த்தாள்.

"தகப்பனார் பேர்லதான் வாங்கிருக்கீங்க. நல்லது. நெறைய பேர் வீட்டுக்காரர் பேர்ல வாங்கிட்டு வந்து அலையிறாங்க" என்றாள். முத்திரை விழுந்தது. "அடுத்து யாரு?"

அவ்வளவுதான். விஜிலா வெளியே வந்து, சொல்லாமல் விட்ட பதில்களையெல்லாம் வாய்க்குள் வைத்துக்கொண்டு, வேப்ப மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பொரிச்ச பரோட்டா வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு வாரமாக எது சாப்பிட்டாலும் ருசி தெரிந்திருக்கவில்லை. இன்னொன்று வாங்கிச் சாப்பிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அருப்புக்கோட்டை தாண்டியதும் கிளைட்டன் அழைத்தான். இந்தத் தடவை பேச்சு தெளிவாகக் கேட்டது.

"அப்போ அரசாங்கக் கணக்குல நான் வசதியானவன், நீ இல்ல. ஒரே வீட்டுல எப்பிடிளா?"

"ஆமா. நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இனிமே என்கிட்ட மரியாதையா இருங்க, நான் மத்திய அரசு."

அவன் சிரித்தான். கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்: "நம்ம ஜோவிட்டாவுக்கு இது கெடைக்குமா?"

"கெடைக்காது. அவளுக்கு நம்மளத்தான் பார்ப்பாங்க. நீங்க கப்பல், நான் சர்க்கார் நர்சு."

"அது நியாயந்தானே?"

"நியாயந்தான்" என்றாள் விஜிலா. வெளியே கரிசல் காடு ஓடிக்கொண்டிருந்தது. கம்மங்கதிர்கள் முற்றி நின்றன. "எங்கப்பாவுக்குக் குடுத்தது என்னோட நிக்கட்டும். அவ வேற எதையாவது படிச்சு ஏறிக்கிடுவா."

அவன் வேறு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். கப்பலில் சமையல்காரன் மாறிவிட்டானாம், இப்போது குழம்பு பரவாயில்லையாம். அவன் பேசப் பேச விஜிலாவுக்குக் கண் செருகியது. உம் கொட்டிக்கொண்டே இருந்தவள் எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. போன் மடியில் விழுந்தது. பந்தல்குடியும் எட்டயபுரமும் போனது தெரியாமல், வாயைத் திறந்து, பக்கத்தில் இருந்த அம்மாளின் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள். அந்த அம்மாளும் எழுப்பவில்லை. தூத்துக்குடிப் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து கம்பியைத் தட்டினார்.

"ஊர் வந்துட்டும்மா. எறங்குங்க."